‘டிக்’ சத்தம் மட்டும்தான்... வெடிக்கலை! பழைய பிஸ்டல்கள் காலை வாருவது ஏன்?

வேப்பம்பட்டு:

ஆவடியில் தொடங்கி பட்டாபிராம், திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு வரை ரெயில்வே லைனை ஒட்டிய தெருக்களில் காக்கி உடுப்பு காயாத கொடியைப் பார்ப்பது அபூர்வம். ஆவடியில் சி.ஆர்.பி.எப். முகாம் இருக்கிறது. தமிழ்நாடு சிறப்பு காவல் படை பட்டாலியன்கள் இருக்கின்றன. 2022-ல் ஆவடி தனி போலீஸ் கமிஷனரேட்டும் ஆகிவிட்டது. பட்டாளத்தில் இருந்து ரிட்டயர்டு ஆகி வந்து, பேங்க் வாசல், நகைக்கடை, பணம் கொண்டு போகும் வேன் என்று ‘கன்மேன்’ வேலைக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கம் நிறைய பேர். நைட் டூட்டி முடித்து காலை லோக்கல் ரெயிலில் தூங்கி வழிந்தபடி இறங்குகிறவர்களில் இவர்களும் உண்டு.

இவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு பயம் இருக்கிறது. இடுப்பில் தொங்குகிற அந்தப் பழைய பிஸ்டல், ஆபத்து நேரத்தில் வெடிக்குமா? இல்லை, ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு சும்மா இருந்துவிடுமா?

சும்மா இருந்த கதைகள் நம் நாட்டில் ஏராளம்.

22-ல் ஒன்று கூட வெடிக்கவில்லை

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந்தேதி. பீகார் மாநிலம் சுபால் மாவட்டத்தில் முன்னாள் முதல்-மந்திரி ஜெகநாத் மிஸ்ராவின் இறுதிச்சடங்கு நடந்தது. முதல்-மந்திரி நிதிஷ்குமார் எதிரே நிற்கிறார். அரசு மரியாதைக்காக 22 போலீசார் துப்பாக்கிகளை வானத்தை நோக்கி உயர்த்தி விசையை அழுத்தினார்கள். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார்கள். அப்போதும் இல்லை. 22 துப்பாக்கிகளில் ஒன்று கூட வெடிக்கவில்லை. அந்த வீடியோ நாடு முழுக்க ஓடி, மானம் கப்பல் ஏறியது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 அக்டோபரில் உத்தரபிரதேச மாநிலம் சம்பல் மாவட்டத்தில் இன்னொரு கூத்து. ரவுடிகளை சுற்றி வளைத்த நேரத்தில் பிஸ்டல் மக்கர் பண்ணிவிட்டது. சப்-இன்ஸ்பெக்டர் வாயாலேயே ‘டாய்ங்... டாய்ங்...’ என்று கத்தினார். சின்னப் பிள்ளைகள் போலீஸ்-திருடன் விளையாடுகிற மாதிரி! எதிரியைப் பயமுறுத்தத்தான் கத்தினார் என்று மேலதிகாரிகள் விளக்கம் சொன்னார்கள். ஊர் சிரித்தது. ஆனால் அந்த இடத்தில் எதிரே துப்பாக்கியோடு ஆள் நிற்கும்போது, வெடிக்காத பிஸ்டலை கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு சிரிப்பு வந்திருக்காது.

இரண்டு சம்பவத்திலும் எல்லோரும் சொன்னது ஒன்றே: “வெள்ளைக்காரன் காலத்து துப்பாக்கி சார், பின்ன எப்படி வெடிக்கும்?” உத்தரபிரதேச போலீசும் 2020 ஜனவரி 26-ந்தேதி குடியரசு தின அணிவகுப்போடு .303 ரைபிள்களுக்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டது.

ஆனால் சுபால் சம்பவத்தை கொஞ்சம் யோசித்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. 22 துப்பாக்கிகளிலும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் பின் உடையுமா? 22 ஸ்பிரிங்கும் சொல்லி வைத்தாற்போல் தளருமா? துப்பாக்கிகள் வேறு வேறு. அவற்றைத் துடைத்த கைகளும் வேறு வேறு. 22-க்கும் பொதுவாக இருந்தது, உள்ளே போட்ட தோட்டாதான்.

துப்பாக்கி பழசாவது ஒரு பிரச்சினை என்றால், தோட்டா பழசாவது அதைவிடப் பெரிய பிரச்சினை. துப்பாக்கியின் மேல்தான் எல்லோருடைய கண்ணும் இருக்கிறது. தோட்டாவை யாரும் பார்ப்பதில்லை.

எம்.ஜி.ஆர். உயிரைக் காப்பாற்றிய டிராயர்!

இதற்கு ராமாவரம் தோட்டத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. 1967-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி மாலை. நடிகர் எம்.ஆர்.ராதா, எம்.ஜி.ஆரை அவர் வீட்டிலேயே ரிவால்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். அத்தனை பக்கத்தில் இருந்து சுட்டும் இரண்டு பேரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆருக்கு குண்டு கழுத்துக்குள் தங்கி குரல் மாறிப்போனது. தொண்டையில் கட்டோடு அவர் இருக்கும் போஸ்டர் ஒட்டப்பட்டு, பரங்கிமலை தொகுதியில் ஜெயித்தார். ராதாவுக்கு செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டு 7 ஆண்டு தண்டனை கொடுத்தது. பிறகு அப்பீலில் அது குறைந்தது.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் சுட்டும் எப்படி பிழைத்தார்கள்? தடய அறிவியல் தரப்பில் சொல்லப்பட்டு இன்றுவரை பேசப்படுகிற விளக்கம் இதுதான்: அந்தத் தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே வாங்கியவை. மேஜை டிராயரில் கிடந்தன. டிராயரை இழுக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உருண்டு ஒன்றோடு ஒன்று உரசின. பித்தளைக் குப்பியின் வாயில் இறுக்கமாக உட்கார்ந்திருக்க வேண்டிய ஈயக் குண்டு தளர்ந்து போனது. அதனால் சுடும்போது வேகம் போதவில்லை.

பிரஷர் குக்கருக்கு மூடி லூசாக இருந்தால் விசில் வருமா? அதே கதைதான். மருந்து எரிந்து உள்ளே அழுத்தம் கட்டுவதற்குள் காற்று வழி தேடிக்கொண்டால் குண்டுக்கு வேகம் கிடைக்காது.

அன்றைக்கு தோட்டா கெட்டுப்போனது தமிழ்நாட்டு அரசியலுக்கு ஒரு முதல்-மந்திரியைக் காப்பாற்றிக் கொடுத்தது. ஆனால் பணப்பெட்டிக்குக் காவல் நிற்கிற மாதச் சம்பளக்காரருக்கு அதே தோட்டா எமன்.

உள்ளே என்ன நடக்கிறது?

விசையை அழுத்தினால் ஹேமர் என்கிற சின்ன சுத்தியல், ஸ்பிரிங் பலத்தில் பின்னால் இருந்து வந்து அடிக்கிறது. அந்த அடி ‘பயரிங் பின்’ என்ற ஆணியை முன்னே தள்ளுகிறது. ஆணியின் முனை தோட்டாவின் அடியில் நடுவில் உள்ள சின்ன தொப்பியில் குத்துகிறது. இதற்கு கேப் என்றும் பிரைமர் என்றும் பெயர். தொப்பிக்குள் இருக்கிற மருந்து குத்துப்பட்டதும் பொறி பறக்கும். அந்தப் பொறி பெரிய மருந்தைப் பற்றவைக்கும். குண்டு பறக்கும். கண் இமைக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ‘டிக்’தான்.

நம் போலீசிலும் ராணுவத்திலும் பல ஆண்டுகளாக இருக்கிற 9 எம்.எம். பிஸ்டல், மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் ரைபிள் பேக்டரியில் செய்தது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கனடாவில் இங்லிஸ் கம்பெனி தயாரித்த பிரவுனிங் பிஸ்டலின் வாரிசு. மேகசினில் 13 தோட்டா பிடிக்கும். பிரவுனிங் என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17-ந்தேதி மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் ஒரு பிரவுனிங் பிஸ்டலால்தான். அது வேறு மாடல்.

9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்குக் கிடையாது. லைசென்ஸ் வைத்திருக்கிற தனியார் கையில் இருப்பது பெரும்பாலும் .32 ரிவால்வரும் பிஸ்டலும்தான். கன்மேன்கள் கையில் பார்ப்பது 12 போர் துப்பாக்கி. எதுவாக இருந்தாலும் ‘டிக்’ வருகிற காரணங்கள் ஏறக்குறைய ஒன்றே.

தோட்டாவே சாட்சி சொல்லும்

துப்பாக்கி வெடிக்கவில்லை என்றால் கோளாறு துப்பாக்கியிலா, தோட்டாவிலா? இதைக் கண்டுபிடிக்க பெரிய லேப் எதுவும் வேண்டாம். பட்டாலியனில் இருக்கிற ஆர்மரர், வெடிக்காத தோட்டாவை எடுத்து முதலில் பார்ப்பது அதன் பின்பக்கத்தைத்தான். தொப்பியில் ஆணி விழுந்த பள்ளம் எப்படி இருக்கிறது? பாதி விவரத்தை அதுவே சொல்லிவிடும்.

பள்ளம் நல்ல ஆழமாக, நட்டநடுவில் விழுந்திருக்கிறது. ஆனாலும் வெடிக்கவில்லை. அப்படியென்றால் துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. குற்றவாளி தோட்டாதான்.

பள்ளம் லேசாக, நகக்கீறல் மாதிரி இருக்கிறதா? ஆணி பலமாகக் குத்தவில்லை. ஹேமர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஆணியின் முனை தேய்ந்து மழுங்கியிருக்கலாம். ஆணி ஓடுகிற துவாரத்தில் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசின் மாதிரி கட்டியிருக்கலாம். பழைய பிஸ்டல்களில் இந்தக் கடைசிக் காரணத்தை சாதாரணமாகப் பார்க்கலாம். வெளியே பளபளவென்று துடைத்து வைத்திருப்பார்கள். உள்ளே ஆணியைக் கழற்றி சுத்தம் செய்து வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் என்று வீட்டில் கிடைத்ததைப் போட்டால் இன்னும் மோசம். நாளாக நாளாக அது பசையாக இறுகும்.

பள்ளமே இல்லையா? ஆணி உடைந்திருக்கும். அல்லது ஆணி வெளியே வரவே இல்லை.

பள்ளம் ஒரு ஓரமாக விழுந்திருந்தால், ரிவால்வரில் சிலிண்டர் சரியான இடத்தில் வந்து நிற்கவில்லை என்று அர்த்தம். இந்த ரிவால்வரைத் தொடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நேராகப் போகாமல் விளிம்பில் சிராய்த்து, ஈயத் துண்டு பக்கவாட்டில் தெறிக்கும்.

சில சமயம் முதல் அடியில் வெடிக்காத தோட்டா இரண்டாவது அடியில் வெடிக்கும். ‘அப்பாடா, சரியாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சரியாகவில்லை. தொப்பி முழுசாக உள்ளே உட்காராமல் இருந்து, முதல் அடி அதை உட்கார வைத்திருக்கும். அல்லது ஸ்பிரிங் பாதி பலத்தில்தான் அடிக்கிறது. அடுத்த முறை அவசரத்தில் இரண்டாவது அடிக்கு நேரம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

பிஸ்டலில் மட்டும் வருகிற வேறு வகை மக்கரும் உண்டு. மேல் பாகமான ஸ்லைடு முழுசாக முன்னே போய் பூட்டிக்கொள்ளாமல், இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னால் நின்றுவிடும். சேம்பரில் அழுக்கு, ரீகாயில் ஸ்பிரிங் தளர்ச்சி, பிசுபிசுத்த தோட்டா, இதில் ஏதாவது ஒன்று காரணமாக இருக்கும். பிரவுனிங் குடும்ப பிஸ்டலில் மேகசின் ‘கிளிக்’ என்று முழுசாக உட்காரவில்லை என்றால் விசையே வேலை செய்யாது. அது கோளாறு இல்லை, பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடு. அவசரத்தில் மேகசினைத் திணிக்கிறவர் ‘துப்பாக்கி செத்துப்போச்சு’ என்று நினைத்துக்கொள்வார். அடியில் ஒரு தட்டு தட்டினால் சரியாகிவிடும்.

அதே ஒரு தோட்டா, தினமும் உள்ளே வெளியே

இனி தோட்டாவுக்கு வருவோம். சென்னை காற்றில் ஈரம் அதிகம் என்பது மழைக்காலத்தில் உப்பு டப்பாவைத் திறந்த எல்லோருக்கும் தெரியும். 12 போரில் பழைய அட்டைத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதிப்போய் சேம்பருக்குள் நுழையவே மறுக்கும். பித்தளைத் தோட்டா ஊதாது. ஆனால் தொப்பியின் விளிம்பு வழியாக ஈரமும் எண்ணெயும் மெதுவாக உள்ளே கசியும். துப்பாக்கிக்கு எண்ணெய் போட்ட கையோடு அதே துணியில் தோட்டாவையும் துடைக்கிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் தொப்பி மருந்துக்கு விஷம்.

தோல் பெல்ட்டில் வரிசையாகச் செருகி வைத்திருப்பது பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் தோல் பதனிடும் சரக்கு பித்தளையை அரிக்கும். சில மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அதைப் பார்த்து குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டோ, பிராசோ போட்டோ தேய்த்தால் போச்சு. பிராசோவில் இருக்கிற அமோனியா பித்தளையை உள்ளுக்குள் நொறுங்கவைக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். களிம்பு ஆழமாக அரித்திருந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிட வேண்டும். ஈரமாகிவிட்டதே என்று வெயிலில் காய வைப்பதும் கெடுதல். சூடு மருந்தைக் கெடுக்கும்.

டூட்டி மாறும்போது நடக்கிற ஒன்றை பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. காவலுக்கு நிற்கும்போது தோட்டாவை சேம்பரில் ஏற்றுவார்கள். டூட்டி முடிந்ததும் வெளியே எடுப்பார்கள். எடுத்த தோட்டா மறுபடி மேகசினில் மேலேயே போய் உட்காரும். அடுத்த ஆள் வந்தால் அதே தோட்டா உள்ளே போகும். இப்படி ஒரே தோட்டா மாசத்தில் எத்தனை முறை ஏறி இறங்கும்? ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சரிவில் இடிபடுகிறது. குண்டு கொஞ்சம் கொஞ்சமாக குப்பிக்குள் அமுங்குகிறது. விளிம்பு தேய்கிறது. தொப்பி மருந்து உதிரவும் வாய்ப்பு உண்டு. ஆபத்து வரும்போது முதலில் வெடிக்க வேண்டியதே இந்தத் தோட்டாதான். மேகசினில் இருப்பதிலேயே அதிகம் அடிபட்டதும் இதுதான்! புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தால், குள்ளமாகிப் போனது கண்ணுக்கே தெரியும். வாரத்துக்கு ஒருமுறை தோட்டாக்களை இடம் மாற்றிப் போட்டாலே போதும். செலவு ஒரு பைசா கிடையாது.

ராணுவத் தோட்டாவின் அடியில் தொழிற்சாலையின் எழுத்தும் ஆண்டும் குத்தியிருக்கும். புனே அருகே கட்கியில் செய்தது என்றால் ‘கே.எப்.’ என்று இருக்கும். அந்த ஆண்டைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும். பழைய தோட்டாவை பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிட்டு, புதியதை டூட்டிக்கு வைப்பதுதான் முறை. ஆனால் சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் காலிக் குப்பியைப் பொறுக்கி கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் விளக்கம் எழுத வேண்டும். இந்தத் தலைவலிக்கு பயந்து சுடாமலே பெட்டியில் பூட்டி வைக்கும் மனசுதான் வரும். தோட்டாவை மிச்சப்படுத்தியதாக ரிஜிஸ்டர் சொல்லும்.

தனியார் கன்மேன் கதை இதைவிடப் பரிதாபம். பலரிடம் இருப்பது சொந்த லைசென்சில் வாங்கிய சொந்தத் துப்பாக்கி. தோட்டாவும் சொந்தக் காசு. மாதச் சம்பளத்தில் ஸ்கூல் பீஸ் கட்டுவாரா, தோட்டா வாங்கி சுட்டுப் பழகுவாரா? வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிய தோட்டாவே இன்னும் பெல்ட்டில் இருந்தால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரை வைத்து கோடிக்கணக்கில் பணம் கொண்டு போகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு பெட்டி தோட்டா வாங்கிக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நமத்துப்போன வெடி

தீபாவளிக்கு மறுநாள் காலையில் கையையோ முகத்தையோ சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிற சிறுவர்களில் பலரும் வெடிக்காத வெடியை எட்டிப் பார்த்தவர்கள்தான். திரி அணைந்துவிட்டது என்று நினைத்து குனிந்தவுடன் ‘டமார்’!

துப்பாக்கியிலும் இது உண்டு. ‘ஹேங் பயர்’ என்பார்கள். தொப்பியில் பொறி கிளம்பும். ஆனால் மருந்து உடனே பற்றாமல் புகைந்து, கொஞ்சம் தாமதமாக வெடிக்கும். அதற்குள் ‘என்னாச்சு?’ என்று துப்பாக்கியைத் திருப்பி பேரல் வாயைப் பார்த்தால் கதை முடிந்தது. அதனால்தான் பயரிங் ரேஞ்சில் ‘டிக்’ என்றால், துப்பாக்கியை இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஆனால் நிஜ மோதலில் அரை நிமிடம் யார் கொடுப்பார்? அங்கே மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, கெட்ட தோட்டாவை வெளியே தள்ளு, அடுத்ததைச் சுடு என்பதுதான் பயிற்சி. இரண்டும் நேர் எதிர். இரண்டும் கைக்குப் பழகி இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சடங்காக சில ரவுண்டு சுட்டுவிட்டு வருகிறவருக்கு கையில் பழகியிருப்பது காத்திருப்பது மட்டும்தான்.

பழைய அதிகாரிகள் பிஸ்டலைவிட ரிவால்வரை நம்பியதற்கும் காரணம் உண்டு. ஒரு தோட்டா மக்கர் பண்ணினால் மறுபடி விசையை அழுத்தினால் போதும், அடுத்த அறை சுழன்று வந்து நிற்கும். ஆனால் முதல் தோட்டா ஹேங் பயராக இருந்தால், அது பேரலுக்கு நேராக இல்லாமல் பக்கத்தில் நகர்ந்த பிறகு வெடிக்கும். பிடித்திருக்கிற கைக்குத்தான் ஆபத்து.

இன்னொன்று ‘புஸ்’. வழக்கமான சத்தம் இல்லாமல், உதைப்பும் இல்லாமல், புஸ்வாணம் மாதிரி ஒரு சத்தம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். மருந்து எரியாமல் தொப்பியின் பலத்தில் மட்டும் குண்டு நகர்ந்து பேரலின் நடுவில் சிக்கியிருக்கும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும்.

வெடிக்காததும் மிஸ் பயர்... தானாக வெடித்ததும் மிஸ் பயரா?

நம் ஊர் பேச்சில் ஒரு குழப்பம் உண்டு. வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காததுதான் மிஸ் பயர். ஆனால் ‘துடைக்கும்போது மிஸ் பயர் ஆகி போலீஸ்காரர் காயம்’ என்று செய்தி வருகிறது. அது நேர் எதிரான விஷயம், வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடித்தது. இரண்டையும் ஒரே பெயரில் சொல்வதால் ஒரு லாபம் இருக்கிறது. யார் விசையில் விரல் வைத்தது என்ற கேள்வி அமுங்கி, பழி துப்பாக்கி மேல் விழுந்துவிடும்.

2023 டிசம்பர் 8-ந்தேதி உத்தரபிரதேசம் அலிகாரில் பாஸ்போர்ட் விசாரணைக்காக போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்த ஒரு பெண்ணின் தலையில் குண்டு பாய்ந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கையில் பிஸ்டலை வாங்கியவுடன் அது வெடித்தது. சி.சி.டி.வி.யில் எல்லாம் பதிவானது. சில நாளில் அந்தப் பெண் இறந்துபோனார்.

இந்த விஷயத்தில் சென்னையின் மேற்குப் பகுதிக்கு ஆறாத காயம் ஒன்று இருக்கிறது. மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன். கொளத்தூர் நகைக்கடைக் கொள்ளையர்களைப் பிடிக்க ராஜஸ்தான் போனவர், 2017 டிசம்பர் 13-ந்தேதி பாலி மாவட்டத்தில் ஒரு சுண்ணாம்புக் காளவாசலில் நடந்த மோதலில் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையர்கள் சுட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. பிறகு, உடன் சென்ற போலீஸ் அதிகாரியின் கையில் இருந்த பிஸ்டலில் இருந்து தவறுதலாகப் பாய்ந்த குண்டு அது என்று ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில் சொன்னது. இருட்டு, பதற்றம், தெரியாத இடம். துப்பாக்கியை எடுப்பதும், பூட்டுவதும், மக்கர் பண்ணினால் விடுவிப்பதும் தூக்கத்தில் எழுப்பினாலும் வருகிற அளவுக்குக் கை பழகியிருக்க வேண்டும் என்பது அப்படிப்பட்ட இடத்தில்தான் தெரியும்.

லேத் பட்டறைக்கு எடுத்துப் போகலாமா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கேட்டால் எந்த பின்னையும் கடைந்து கொடுத்துவிடுவார்கள். கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியை ரிப்பேர் செய்வதோ, சுட்டு டெஸ்ட் செய்வதோ 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவுப்படி குற்றம். 2019-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு ஜெயில். ‘பின்தானே சார், சும்மா கடைஞ்சு கொடுத்தேன்’ என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆணி கொஞ்சம் நீளமாகிவிட்டால் தொப்பியைக் கிழித்து சூடான காற்று முகத்தில் அடிக்கும். இரும்பு மெதுவாக இருந்தால் முனை நசுங்கும். ரொம்ப கெட்டியாக இருந்தால் ஒடியும். லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுத்து ரசீது வாங்குவது ஒன்றுதான் வழி.

ரிட்டயர்டு ராணுவக்காரர் இறந்துபோய், அவருடைய துப்பாக்கி பீரோவில் துணிக்கு அடியில் கிடக்கிற வீடுகளும் இந்தப் பக்கம் இருக்கும். அப்பா லைசென்ஸ் பிள்ளைக்கு தானாக வராது. ‘வேலை செய்யுதா பார்ப்போம்’ என்று எடுத்து இழுத்துப் பார்ப்பதுதான் இருப்பதிலேயே பெரிய ஆபத்து. உள்ளே என்ன வயசுத் தோட்டா இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அதைத் தொடாமல் ஸ்டேஷனில் தகவல் சொல்லி, அங்கேயோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வேண்டுமானால் வாரிசு பெயரில் லைசென்சுக்கு மனு போடலாம்.

தேர்தல் வந்தால் துரு வரும்

தேர்தல் அறிவித்துவிட்டால், பேங்க் காவல் போன்ற விதிவிலக்கு பெற்றவர்களைத் தவிர, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். 2024 பாராளுமன்ற தேர்தலை எடுத்துக்கொண்டால் மார்ச் 16-ந்தேதி அறிவிப்பு வந்தது, ஜூன் 4-ந்தேதிதான் ஓட்டு எண்ணினார்கள். இரண்டரை மாதத்துக்கும் மேல். நம் ஊர் வெயிலும் வேர்வையும் ஏறின துப்பாக்கி, துடைக்க ஆள் இல்லாமல் அத்தனை நாள் மூலையில் சாத்தியிருந்தால் பேரலுக்குள் துரு பூக்கும். விசைக்குப் பக்கத்து ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். திரும்ப வாங்கி வந்தவர் அதை அப்படியே டூட்டிக்கு எடுத்துப் போவார்.

ஒப்படைக்கும் முன்பே தோட்டாவை எடுத்துவிட்டு, உள்ளேயும் வெளியேயும் துடைத்து, லேசாக கன் ஆயில் தடவி, காற்று புகாத கவரில் போட்டுக் கொடுப்பது நல்லது. உறையோடு கொடுக்கக் கூடாது, தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். நம்பரும் துப்பாக்கியின் நிலைமையும் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திரும்ப வாங்கும்போது, கையெழுத்துப் போடும் முன் சேம்பர் காலி என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, பேரலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அங்கேயே ரைட்டரிடம் காட்டி எழுதி வாங்குவது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு போய்ச் சொன்னால், ‘நீங்க கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு’ என்ற பதில்தான் கிடைக்கும்.